போரிலிருந்து திரும்புகிறவருக்கு மரம் நடும் வேலை போதுமா?

வேளச்சேரி வாசி
(ஞாயிறு, காலை 10.15)

உக்ரைனில் துப்பாக்கிச் சத்தம் ஓயும் முன்பே மறுசீரமைப்புக்கு என்று வருடம் ஒரு மாநாடு நடத்தத் தொடங்கிவிட்டார்கள். 2022இல் லுகானோ, அப்புறம் லண்டன், பெர்லின், 2025இல் ரோம். உலக வங்கியும் ஐநாவும் ஐரோப்பிய ஆணையமும் உக்ரைன் அரசோடு உட்கார்ந்து 2025 பிப்ரவரியில் போட்ட கணக்குப்படி, பத்து வருடத்துக்கு 524 பில்லியன் டாலர் வேண்டுமாம். இடிந்ததை அப்படியே பழையபடி கட்டாமல், கூரையில் சோலார், குளிர் புகாத சுவர், எரிந்த காட்டுக்குப் புது மரம் என்று கட்டலாம். அந்த வேலைகளைப் போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கே கொடுக்கலாம் என்பது இதை ஒட்டி வரும் யோசனை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எனக்கு இரண்டாவது மாங்காயில்தான் சந்தேகம். மரமும் பேனலும் எப்படியோ வந்துவிடும். ஆள் நிற்பாரா? வருடக்கணக்கில் பதுங்குகுழியில் கிடந்தவர், ஒரு கால் போனவர், தூக்கம் போனவர், நாற்றங்காலில் பை நிரப்ப வருவாரா? வந்தாலும் எத்தனை மாதம் ஓடும்?

இந்தக் குழுவில் ராணுவத்தில் இருந்தவர்கள் உண்டு, ஈழத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, சோலார் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. மாநாட்டு அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, பார்த்ததைச் சொல்லுங்களேன்.

பழைய சிக்னல்மேன்
(ஞாயிறு, காலை 11.02)

சார், இதை நம் நாடு 1982லேயே ஆரம்பித்துவிட்டது. ராணுவத்தின் துணைப்படையான டெரிட்டோரியல் ஆர்மியில் 127வது பட்டாலியன், கார்வால் ரைஃபிள்ஸோடு சேர்ந்தது. எக்கோ டாஸ்க் ஃபோர்ஸ் என்போம். முசோரி மலையைச் சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர்கள் வெட்டி மொட்டையாக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சரிவில் மரம் வளர்க்க ஆள் எடுத்தபோது, அதே மலைக்கிராமங்களில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருந்த சிப்பாய்களை எடுத்தார்கள். சீருடை உண்டு, காலை ஃபாலின் (வரிசையில் நின்று ஆஜர் கொடுப்பது) உண்டு, சுபேதார் சாப் திட்டும் உண்டு. சம்பளம் ராணுவச் சம்பளம்தான்.

டேராடூனில் போஸ்டிங் இருந்தபோது கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். நடுவது அங்கே பெரிய விஷயமே இல்லை. மழைக்கு முன்பே குழி வெட்டி ஆற விட்டுவிடுவார்கள். சரிவில் மண் ஓடாமல் கல் அடுக்கித் தடுப்பு கட்டுவார்கள். நட்டபின் ஆடு மாடு நுழையாமல் காவல். அடுத்த வருடம் செத்த கன்றுகளை எண்ணி அதே குழியில் மாற்றுக் கன்று வைப்பார்கள். அதற்கடுத்த வருடமும் களை எடுக்க அதே ஆள்தான் வருவார். கான்ட்ராக்ட்காரராக இருந்தால் நட்டு, ஃபோட்டோ எடுத்து, பில் போட்ட அன்றே கிளம்பிவிடுவார். பட்டாலியன் அங்கேயே இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் 128வது இந்திரா காந்தி கால்வாய்ப் பக்கம் மணலை நிறுத்த மரம் வைத்தது. டெல்லியில் பாட்டி என்ற ஊரின் சுரங்கப் பகுதிக்கு ஒரு பட்டாலியன் வந்தது. நம்ம பக்கம் வரவில்லை. இங்கே முப்பத்தைந்து, நாற்பது வயதில் பென்ஷனோடு வெளியே வரும் ஜவானுக்கு முதலில் கண்ணில் படுவது ஓஎம்ஆரில் ஏதாவது அபார்ட்மென்ட் கேட்டும், பன்னிரண்டு மணி நேர டியூட்டியும்தான். முன்னாள் படைவீரர்களுக்காக அரசு நடத்தும் டெக்ஸ்கோ கழகம் 1986இலிருந்து இருக்கிறது. அதன் வழியாகப் போனால் மரியாதையும் சம்பளமும் கொஞ்சம் மேல். ஆனாலும் பெரும்பாலும் காவல் வேலைதானே.

ஆள் நிற்பாரா என்று கேட்டீர்கள். சொந்த மாவட்டம், ஒன்றாம் தேதி சம்பளம், கூட நிற்பவரும் சிப்பாய். இது இருந்தால் நிற்பார். இரவில் கத்திக்கொண்டு எழுந்திருப்பவரை மற்ற சிப்பாய்கள் கேலி செய்யமாட்டார்கள்.

நீலாங்கரை நண்டு
(ஞாயிறு, காலை 11.20)

நம் தெருவிலும் வருடா வருடம் அதே குழியில்தான் நடுகிறார்கள், அண்ணே. அதையும் எக்கோ டாஸ்க் ஃபோர்ஸ் கணக்கில் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை
(ஞாயிறு, மதியம் 1.40)

சிக்னல்மேன் சார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சிப்பாயையும் காட்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்துவிட்டால் இரண்டும் பிழைக்கும் என்று எந்த விதியும் இல்லை. நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போட்ட திட்டத்தையே பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து தென்னிந்தியச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். அவர்களைக் குடியமர்த்த மதராஸ் அரசு வயநாட்டில் ஒரு குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது வயநாடு மலபார் மாவட்டம், அதாவது மதராஸ் மாகாணத்துக்குள்தான். அம்பலவயல், சுல்தான் பத்தேரி பக்கம் முன்னாள் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தார்கள். மலேரியாவுக்கு டிடிடி அடித்து, காட்டை வெட்டி, நெல்லும் காப்பியும் போட்டார்கள். மறுவாழ்வு என்ற கோணத்தில் பார்த்தால் திட்டம் வெற்றி. குடும்பங்கள் வேர்விட்டன, இன்றும் அவர்கள் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் பணியரும் குறுமரும் காட்டு நாயக்கரும் புழங்கிய நிலம் அது. கோப்பில் தரிசு, காலி என்று எழுதினால் காலியாகிவிடுமா? சிப்பாய்க்குக் கடன் தீர்த்த அரசு, அந்தக் கடனைப் பழங்குடி மக்கள் கணக்கில் எழுதிவிட்டது.

நிலம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. போரில் விழுந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுகளில் படித்திருக்கிறோம். எல்லாக் காலத்திலும் ராஜாவுக்குச் சுலபமாகத் தோன்றும் வழி இது. ரொக்கமாகச் சம்பளம் தருவதைவிட யாருடைய நிலத்தையாவது தருவது லேசு.

அதனால் உக்ரைன் திட்டத்தைக் கேட்டதும் எனக்கு வரும் முதல் கேள்வி, மரம் நடப்போகும் அந்த நிலம் யாருடையது? வெடி அகற்றி முடிந்ததும் அது பழைய விவசாயிக்குத் திரும்புமா, பெரிய கம்பெனிக்குப் போகுமா?

அம்பத்தூர் கூரை சோலார்
(ஞாயிறு, இரவு 9.48)

நாள் முழுக்க மாடியில் இருந்தேன், இப்போதுதான் படித்தேன். நான் முன்னாள் ராணுவத்தினரை வேலைக்கு வைத்திருக்கிறேன், அதனால் என் பங்கு.

2024 பிப்ரவரியில் வீட்டுக்கூரை சோலாருக்கான பிஎம் சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் ஃபோன் ஓயவில்லை. ஆர்டர் இருந்தது, ஆள்தான் இல்லை. ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த தெரிந்த ஒருவர் மூலமாகச் சிலர் வந்தார்கள்.

முதல் வித்தியாசம் ஹார்னஸ். நம் பையன்கள் மூன்றாவது மாடி விளிம்பில் ரப்பர் செருப்போடு நின்று செல்ஃபி எடுப்பார்கள். இவர்கள் கொக்கி மாட்டாமல் ஒரு அடி வைக்கமாட்டார்கள். எர்த் பிட் ரீடிங் எடுத்து எழுதச் சொன்னால் எடுத்துத்தான் எழுதுவார்கள், மனதில் தோன்றியதை எழுதமாட்டார்கள். ஒருநாள் பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் போட வேண்டும், அதை அழுத்தி இறுக்கும் கிரிம்பிங் டூல் வேறு சைட்டில் மாட்டிக்கொண்டது. கட்டிங் பிளேயரால் அழுத்திவிடுங்கள் அண்ணே என்றேன். ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்த மனிதர், டூல் வரும்வரை தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் கூரையில் தீப்பிடிக்கிற சோலார்களில் நிறைய அந்த மாதிரி தளர்ந்த கனெக்டரில்தான் ஆரம்பிக்கும். அவர் போட்ட சிஸ்டத்துக்கு நான் திரும்பப் போக வேண்டியிருந்ததே இல்லை.

இப்போது கசப்பான பக்கம். ஒன்றாம் தேதி சம்பளம் என்று சிக்னல்மேன் சார் எழுதினாரே, அதைத்தான் என்னால் தர முடியவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை, மாடி வேலை படுத்துவிடும். நான் சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று பில்லை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். வந்தவர்களில் பாதிப்பேர் செக்யூரிட்டி வேலைக்கே திரும்பிவிட்டார்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் தவறாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பசுமை வேலை என்கிறார்களே, அதில் மாட்டுகிற வேலை ஒருமுறைதான். பராமரிப்புதான் நிற்கும். சென்னையில் போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவினால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும், உற்பத்தி விழும். கடற்கரைப் பக்கம் கிளாம்ப் துருப்பிடிக்கும், காக்கா எச்சம் வேறு. எந்த வீட்டில் எந்த ஸ்ட்ரிங்கில் (பேனல் வரிசையில்) உற்பத்தி குறைகிறது என்று ஸ்கிரீனில் பார்த்து ஆளை அனுப்ப ஒருவர் உட்கார வேண்டும். அதற்கு இரண்டு காலும் வேண்டுமென்பதில்லை. கால் இழந்தவர்கள் பற்றிக் கேட்டீர்கள், இது என் பதில்.

தாவடிப் பெண்
(திங்கள், காலை 7.30)

நான் யாழ்ப்பாணம் தாவடி, இப்போது வளசரவாக்கம். இந்த இழையை இரவே வாசித்துவிட்டேன், எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு எங்கட பக்கம் முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். மேசன் வேலை, தச்சு, தையல், கம்பியூட்டர் என்று பயிற்சி கொடுத்தார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைப் பலர் வெளியே எடுப்பதே இல்லை. எடுத்தால் முன்னாள் போராளி என்று தெரிந்துவிடும். முதலாளி பயப்படுவார், பிறகு விசாரிக்க ஆள் வரும். பயிற்சி மட்டும் ஒருவரை ஊரோடு சேர்க்காது.

உண்மையில் சம்பளம் கொடுத்த பச்சை வேலை என்றால் மிதிவெடி அகற்றுவதுதான். வெளிநாட்டு அமைப்புகளில் ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் அமைப்புகளில் டாஷ், ஷார்ப் எல்லாம் வடக்கில் வேலை செய்தன. பெண்கள் நிறையப் பேர், புருஷனை இழந்து வீட்டைத் தாங்குகிறவர்கள். என் சித்தியின் மகள் முகமாலையில் இருந்தாள். முகத்துக்குக் கண்ணாடி, உடம்புக்குக் கவசம், அந்த வெயிலில். கயிறு கட்டிய ஒடுங்கிய பாதை, அதில் முழங்காலில் இருந்து இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்க வேண்டும். சில வெடிகளில் உலோகம் மிகக் குறைவு, கருவி கத்தாது, அதனால்தான் வாரி. நாள் முழுக்க வாரினால் ஒரு சின்ன அறையளவு நிலம்கூட முடியாத நாள்கள் உண்டு. வாரி முடித்த காணியில் அடுத்த போகத்தில் ஆட்கள் நிலக்கடலை போட்டதை அவள்தான் படம் அனுப்பினாள்.

ஆனால் இந்த வேலை தன்னைத்தானே முடித்துக்கொள்கிற வேலை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் வெடிகளை முடிக்க வேண்டும் என்று கெடு. நன்றாகச் செய்யச் செய்ய வேலை குறையும். பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? பனை இருக்கிறது, பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்கிறது. செல்லடியில் தலை போன பனைகளுக்குப் பதில் விதைத்தது பலன் தர பத்துப் பதினைந்து வருடம். அதுவரை சோறு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவில் பண்ணைகள் நடத்தி முன்னாள் போராளிகளையும் வேலைக்கு எடுத்தது. சம்பளம் வெளியே கிடைப்பதைவிட நல்லது. போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டும். ஆனால் ஆமிக்காரர் வைத்திருக்கும் நிலத்தில் ஆமிக்காரர் மேற்பார்வையில் மரவள்ளி நடுவதை மறுவாழ்வு என்று ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணா கேட்ட காணி கேள்வி இங்கேயும்தான். மன்னாரில் தம்பபவனி காற்றாலை, 30 கோபுரம். மின்சாரம் பச்சைதான். 2025இல் புதுக் கோபுரங்கள் வேண்டாமென்று அதே மன்னார்ச் சனம் வீதியில் இருந்தது.

பழைய சிக்னல்மேன்
(திங்கள், காலை 8.05)

அம்மா, நீங்கள் எழுதியது நல்லது. நான் சிப்பாய் என்றால் நம் பக்கச் சிப்பாயை மட்டும் நினைத்துப் பேசிவிட்டேன். தோற்ற பக்கம் இருந்தவருக்கு பென்ஷன் இல்லை, கேன்டீன் இல்லை, ஃபாலின் எடுக்க சுபேதாரும் இல்லை. பட்டாலியன் மாதிரியை அங்கே அப்படியே வைக்க முடியாது.

தாவடிப் பெண்
(திங்கள், காலை 8.21)

ஓம் அண்ணா. வென்ற பக்கத்துப் பிள்ளைகளும் இனி வெளியேதான் வரப்போகிறார்கள். இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 தொடக்கத்தில் கொழும்பில் அறிவித்தார்கள். அவர்களும் அனுராதபுரம், மொனராகலை பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே வேலையில் சேர்த்துப் பார்த்த நாடு ஏதும் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை
(திங்கள், மதியம் 2.10)

இருக்கிறது. மொசாம்பிக்கின் கோரோங்கோசா தேசியப் பூங்கா. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர், பூங்காவே போர்க்களம். யானை, எருமை, வரிக்குதிரை எல்லாவற்றையும் இரு தரப்பும் சுட்டுத் தின்றது, தந்தத்தை விற்று ஆயுதம் வாங்கியது. பெரிய விலங்குகளில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2004க்குப் பிறகு மீட்பு வேலை சூடு பிடித்தபோது, காவலர்களில் அரசுத் தரப்பான ஃப்ரெலிமோ பக்கம் இருந்தவர்களும் அதை எதிர்த்துப் போரிட்ட ரெனாமோ பக்கம் இருந்தவர்களும் சேர்ந்தே நின்றார்கள். காட்டின் ஒற்றையடிப் பாதை அவர்களுக்குத்தானே தெரியும். ஆனால் பூங்காவைச் சுற்றிப் பள்ளி, மருத்துவமனை, காப்பித் தோட்டம் என்று பணம் பல வருடமாக ஓடுகிறது. அது நின்றிருந்தால் கதை வேறு.

கொலம்பியா இதற்கு எதிர்ப்பக்கம். 2016இல் ஃபார்க் என்ற கிளர்ச்சி அமைப்போடு அரசு சமாதான ஒப்பந்தம் போட்டது. அங்கே காட்டில் அதுவரை ஃபார்க் வைத்ததே சட்டம், யார் எவ்வளவு வெட்டலாம் என்பது உட்பட. அவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு வெளியே வந்ததும் காலியான இடத்துக்கு அரசு வரவில்லை, மாட்டுப் பண்ணைக்காரர்களும் நில வியாபாரிகளும் வந்தார்கள். அழிந்த காடு 2016இல் சுமார் 1,78,000 ஹெக்டேர், 2017இல் 2,19,000க்கும் மேல். முன்னாள் போராளிகளே ஹியூமனிசெமோஸ் என்று கண்ணிவெடி அகற்றும் அமைப்பு வைத்தார்கள், சிலர் நாற்றங்கால் வைத்தார்கள், ஆற்றில் படகு விட்டுச் சுற்றுலா நடத்தினார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஒருபுறம் நாற்றங்கால், மறுபுறம் அதைவிடப் பல மடங்கு வெட்டு.

நீலாங்கரை நண்டு
(திங்கள், இரவு 8.30)

கேலி செய்தது போதும், நானும் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் அமெரிக்காவில் வேலையில்லாதவர்களுக்குக் காட்டு வேலை கொடுத்த சிசிசி திட்டத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1933 முதல் 1942 வரை, சுமார் 30 லட்சம் பேர், 300 கோடி மரம், மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் குடும்பத்துக்கு. அதில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களுக்குத் தனி இடம் எப்படி வந்தது தெரியுமா? 1932இல் போர்ச் சேவைக்கான போனஸ் கேட்டு வாஷிங்டனில் கூடாரம் போட்டவர்களை அவர்களுடைய ராணுவமே கண்ணீர்ப்புகை அடித்துத் துரத்தியது. அடுத்த வருடம் திரும்ப வந்தபோது ரூஸ்வெல்ட் வேலை கொடுத்தார். பயம் கொஞ்சம், கருணை கொஞ்சம்.

இதே காலத்தில் இன்னொரு திட்டம். ஃப்ளோரிடாவின் தீவுக் கூட்டத்தில் கடல்மேல் சாலை போட முன்னாள் சிப்பாய்களை அனுப்பினார்கள். தங்க வைத்தது கடலோரத்தில் லேசான குடில்களிலும் கூடாரங்களிலும். 1935 செப்டம்பர் 2, பெரும் புயல். கூட்டிவர அனுப்பிய ரயில் தாமதமாகப் போய் அலையில் கவிழ்ந்தது. செத்த சிப்பாய்கள் 250க்கும் மேல். பிரான்ஸில் ஜெர்மன்காரன் குண்டுக்குத் தப்பியவர்கள். மறுவாழ்வு என்ற பெயரில் ஆளைக் கண்காணாத இடத்துக்கு ஓரங்கட்டும் வேலை இது. எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தங்கும் இடம் எங்கே என்பதை.

வேளச்சேரி வாசி
(திங்கள், இரவு 9.15)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. உக்ரைனிலும் பிரச்சினை இதுதான் போல. வெடி அகற்ற, இடிபாடு அகற்ற ஆள் நிறைய வேண்டும். பழைய கூரைகளில் கல்நார் ஓடு கலந்திருப்பதால் இடிபாட்டை அள்ளுவதே நுரையீரலுக்கு ஆபத்தான வேலை. வேலை என்னவோ பச்சை, ஆனால் முகக்கவசம் தராத கான்ட்ராக்டர் கையில் போனால் போரில் பிழைத்தவரை நெஞ்சுநோய் கொண்டுபோகும். பெரிய அனல் நிலையங்களை ஏவுகணை அடித்துவிட்டதால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தனித்தனி சோலார், பேட்டரி என்று போகிறார்கள். அம்பத்தூர் அண்ணன் சொன்ன பராமரிப்பு வேலை அங்கேதான் நிரந்தரமாக இருக்கும் என்று படுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஓர் ஆள், மாதச் சம்பளத்தில்.

ராணிப்பேட்டை அக்கா
(செவ்வாய், காலை 6.50)

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி. என் தம்பி அக்னிவீர் முதல் தொகுதி, 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனவன். நான்கு வருடம் முடியப்போகிறது. நான்கில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பதினொன்றரை லட்சம் சொச்சம் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. வீட்டில் அதற்குள் ஒரு மனை பார்த்துவிட்டார்கள். போர் முடிந்த நாட்டைப் பற்றி நீங்கள் பேசுவது எனக்கு என் வீட்டுப் பேச்சாகவே இருக்கிறது. அவன் ஐடிஐ எலெக்ட்ரீஷியன். பசுமை வேலை என்று சொல்கிறீர்களே, எங்கே போய்க் கேட்பது?

பழைய சிக்னல்மேன்
(செவ்வாய், காலை 7.10)

அம்மா, முதலில் மனையை நிறுத்துங்கள். பணம் போனால் பையன் கையில் ஒன்றும் மிஞ்சாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அக்னிவீருக்கு என்னென்ன பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். பென்ஷன்காரர்களுக்கு உள்ளதெல்லாம் அவருக்கும் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, பயிற்சி நடத்துகிறார்கள், கேட்டுப் பாருங்கள். முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் சம்பளம் மாதச் சம்பளம். ஆனால் நூறு மீட்டர் கோபுரத்தில் டூல் பையோடு ஏணி ஏற வேண்டும். முட்டி நன்றாக இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் கூரை சோலார்
(செவ்வாய், காலை 7.42)

அக்கா, சூரியமித்ரா என்று 600 மணி நேர சோலார் பயிற்சி 2015இலிருந்து இருக்கிறது, ஐடிஐ எலெக்ட்ரீஷியனுக்கு அதுவே வசதி. அதை முடித்துவிட்டு என்னிடம் வரட்டும். ஐடிஐயும் ராணுவமும் சேர்ந்த பையனை விடமாட்டேன்.

ராணிப்பேட்டை அக்கா
(செவ்வாய், காலை 8.30)

நன்றி அண்ணா. அவனிடம் ஃபோனில் சொன்னேன். மழைக்காலத்தில் சம்பளம் உண்டா என்று மட்டும் கேட்கச் சொன்னான்.

அம்பத்தூர் கூரை சோலார்
(செவ்வாய், காலை 8.34)

சரியான கேள்வி. நவம்பரில் பாதிச் சம்பளம்தான் இப்போது தர முடியும். ஒரு ஐம்பது வீட்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் பிடித்துவிட்டால் முழுச் சம்பளம் தந்துவிடலாம். வளசரவாக்கம், வேளச்சேரிக்காரர்கள் யார் வீட்டில் சோலார் இருக்கிறது, சொல்லுங்கள்.